டிரம் பட்டை திறந்திருந்ததா?

போன மாதம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது பிரியா போன் செய்தாள். மந்தைவெளியில் நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரியில், நான் உட்கார்ந்த அதே நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். ஆபரேஷனுக்கு வேண்டிய துணி, பஞ்சு, காஸ் என்கிற வலைத்துணி எல்லாவற்றையும் கிருமி நீக்கிக் கொடுக்கிற அறைக்கு அவள்தான் பொறுப்பு.

“அக்கா, ஏசி ஒழுகி அலமாரில இருந்த காஸ் பாக்கெட்டு மேல தண்ணி பட்டுடுச்சு. மேல் கவர்தான் ஈரம். அமுக்கிப் பார்த்தா உள்ள காஞ்சுதான் கீது. கொஞ்ச நேரம் ஃபேனடில வெச்சு எடுத்துக்கலாமா?”

நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். “அறிவு கீதாடி உனக்கு? ஈரம் பட்டா அது காஸே இல்ல, கந்தல். காயவெச்சா கந்தல் காஞ்ச கந்தலாவும், அவ்ளோதான். எத்தினி இருந்தாலும் தூக்கிப் போடு!”

அரை மணி கழித்து அவளே திரும்பக் கூப்பிட்டாள். “போட்டுட்டேன் அக்கா. ஆனா நீங்க ஏன் அக்கா இப்படி ஆவறீங்க? வேலைல இருந்தப்பவும் அப்படித்தான். டிரம்மைக் கட்டிப் புடிச்சிக்கினு ‘தெறந்தாச்சு, தெறந்தாச்சு’ன்னு கூவுவீங்க. நாங்க பின்னாடி நின்னு சிரிச்சிருக்கோம், கோச்சிக்காதீங்க. இங்க புதுசா நாலு பேர் சேர்ந்திருக்காங்க. அவங்க படிக்கிற மாதிரி ஒரு பக்கம் எழுதிக் குடுங்களேன்.”

சிரித்தது எனக்குத் தெரியாதா என்ன? முதுகுக்கும் காது உண்டு. எழுதித் தருகிறேன் என்றேன். ஆனால் ஒரு பக்கத்தில் அடங்குகிற சமாசாரமாக இல்லை. தவிர, இதை நீங்கள் படிப்பதற்கு முன்னால் வேறு ஒருத்தி கேட்டிருக்க வேண்டியிருந்தது. அதனால்தான் இவ்வளவு நாள் ஆகிவிட்டது, பிரியா.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. பத்தாவது முடித்து, வார்டு ஆயாவாகச் சேர்ந்தேன். இரண்டு வருஷம் பெட்பேன் கழுவிய பிறகு, தியேட்டர் பொறுப்பில் இருந்த ஸ்டெல்லா சிஸ்டர் என் கை சுத்தத்தைப் பார்த்து என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சிஸ்டருக்கு நாகர்கோவில். குரலை உயர்த்தவே மாட்டார். அவர் திட்டினால் திட்டினார் என்று வீட்டுக்குப் போன பிறகுதான் நமக்கு உறைக்கும்.

இன்றைக்குப் போல எல்லாம் கவரில் அடைத்து வந்து இறங்குகிற காலம் இல்லை அது. காஸ் துணி பெரிய சுருளாக வரும். நாங்கள்தான் வெட்டி மடிப்போம். வெட்டிய ஓரம் உள்ளே போக வேண்டும், ஒரு நூல்கூட வெளியே தெரியக் கூடாது. நூல் வயிற்றுக்குள் விழுந்தால் அது அங்கேயே தங்கிப் புண்ணாகும். சிஸ்டர் ஜன்னல் வெளிச்சத்தில் அடுக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். ஒரு நூல் தொங்கினாலும் வாய் திறக்காமல் முழு அடுக்கையும் கலைத்து மேசையில் போட்டுவிட்டுப் போவார். முதல் மாதம் நான் கழிவறையில் போய் அழாத நாள் கிடையாது.

மடித்த காஸையும், வயிற்று ஆபரேஷனில் ரத்தத்தை ஒற்றி எடுக்கிற ‘மாப்’ என்கிற பெரிய துணிகளையும் வட்டமான எவர்சில்வர் டிரம்மில் அடுக்குவோம். திணிக்கக் கூடாது. அடுக்குகளுக்கு நடுவே கை நுழைய வேண்டும், அப்போதுதான் ஆவி நுழையும். டிரம்மின் பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும். அதன்மேல் ஒரு தகரப் பட்டை. பட்டையைத் தள்ளினால் துளை திறக்கும், திரும்பத் தள்ளினால் மூடும். ஆவியில் வேகவைக்கிற ஆட்டோகிளேவுக்குள் வைக்கும்போது துளை திறந்திருக்க வேண்டும். வெந்து வெளியே வந்த உடனே மூடிவிட வேண்டும். வெளியே எடுத்த டிரம்மைக் கல் மேடையில் வைக்கக் கூடாது, மரப் பலகையில்தான் வைக்க வேண்டும். சூடான டிரம் குளிர்ந்த கல்லில் உட்கார்ந்தால் அடியில் வேர்க்கும், உள்ளே இருப்பது ஈரமாகும். “ஈரம் வந்த எடத்துல அழுக்கு வந்தாச்சு, கேட்டியா பிள்ளே,” என்பார் சிஸ்டர். நாங்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம்.

டிரம் மூடிமேல் ஒரு டேப் ஒட்டுவோம். சூடு பட்டால் அதில் உள்ள கோடுகள் கறுப்பாகும். ஆனால் வெளியே கறுத்தால் போதாது என்பது சிஸ்டரின் சட்டம். அதே டேப்பில் ஒரு துண்டு வெட்டி, காஸ் அடுக்கின் நடுவிலும் செருக வேண்டும். தியேட்டரில் டிரம்மைத் திறப்பவர் முதலில் அந்த உள் துண்டைப் பார்க்க வேண்டும். அது கறுத்திருந்தால்தான் காஸைத் தொடலாம்.

எல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நன்றாகத் தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

அன்றைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை. ஆட்டோகிளேவிலிருந்து மூன்று டிரம்களை எடுக்க வேண்டும். இரண்டில் கவுனும் துண்டும், மூன்றாவதில் காஸும் மாப்பும். தியேட்டரிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்குத் திடீரென்று குழந்தையின் துடிப்பு குறைகிறது, உடனே வயிற்றைத் திறக்க வேண்டும், காஸ் டிரம் எங்கே, காஸ் டிரம் எங்கே? காலையில் அனுப்பிய டிரம் இரண்டு கேஸில் காலியாகிவிட்டது. தடித்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு முதல் டிரம்மை எடுத்தேன், பட்டையைத் தள்ளி மூடினேன். இரண்டாவதையும் அப்படியே. மூன்றாவதை எடுத்துப் பட்டையில் கையை வைத்தேன். அது நகரவில்லை. ஏற்கெனவே மூடியிருந்தது.

நான்தான் இப்போது மூடினேனா? இல்லை, உள்ளே வைக்கும்போதே திறக்க மறந்துவிட்டேனா? ஒரு நாளைக்குப் பத்துத் தரம் செய்கிற வேலை. கை தானாகச் செய்துவிடும், மனசு எங்கோ இருக்கும். கதவைப் பூட்டிவிட்டு ரயிலடி வரை போய், பூட்டினோமா என்று நிற்கிறோமே, அந்த மாதிரி நின்றேன். வெளி டேப் கறுத்திருந்தது. திரும்ப வேகவைத்தால் முக்கால் மணி நேரம் ஆகும். அங்கே ஒரு குழந்தை மூச்சுக்குத் தவிக்கிறது. போன் மறுபடி அடித்தது.

மூடியிருப்பேன், நான்தான் மூடியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டே டிரம்மைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாசலில் வாங்கியவரிடம், “உள் டேப்பைப் பாருங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால், ஏன் சொல்கிறாய் என்று கேட்பார்களே.

பெண் குழந்தை பிறந்தது. நன்றாக அழுதது. எல்லாரும் சாக்லேட் சாப்பிட்டோம்.

சாயங்காலம் டிரம் என் அறைக்குத் திரும்பி வந்தது. அவசரத்தில் யாரும் உள் துண்டைப் பார்த்ததாகத் தெரியவில்லை. மிஞ்சிய காஸை அள்ளி எடுத்தபோது அடியில் அது கிடந்தது. வெளுப்பாக, செருகியபோது இருந்த மாதிரியே கிடந்தது. ஒரு கோடுகூடக் கறுக்கவில்லை.

ஸ்டெல்லா சிஸ்டர் பத்தடி தூரத்தில் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தார். போய்ச் சொல்லியிருந்தால் அன்றைக்கே பெரிய டாக்டர் கூடுதலாக மருந்து ஏற்றியிருப்பார், கூடவே இருந்து கவனித்திருப்பார். நான் அந்தத் துண்டைப் பர்ஸில் போட்டு ஜிப்பை இழுத்தேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, இரண்டு பிள்ளைகள் ஸ்கூலில் படித்தார்கள், வேலை போனால் என்ன செய்வது என்று பயந்தேன். காரணம் சொல்கிறேன், நியாயம் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் நிர்மலா என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஏதாவது சாக்குச் சொல்லி வார்டுக்குப் போய் அவளை எட்டிப் பார்ப்பேன். அவளுடைய அக்கா கஸ்தூரிதான் கூட இருந்தாள். கோடம்பாக்கத்தில் சினிமா உடைகளை இஸ்திரி போடுகிற வேலை. வாயாடி. “எங்க நிம்மி பெத்தது ஈரோயினி, பாருங்க சிஸ்டர், மூக்கப் பாருங்க!” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் குழந்தையைக் காட்டுவாள். நான் சிஸ்டர் இல்லை, ஆனாலும் எல்லாரையும் அவள் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள். ஐந்தாம் நாள் நிர்மலா சிரித்த முகமாக வீட்டுக்குப் போனாள். நான் தெருமுனைப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டேன்.

எட்டாம் நாள் அவளை ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். உடம்பு அனலாகக் கொதித்தது, பல் கிட்டித்து நடுங்கியது. கட்டைப் பிரித்த நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“வீட்ல புண்ணுல தண்ணி பட்டுதா?” என்று பெரிய டாக்டர் கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான் அது.

கஸ்தூரி முன்னால் வந்தாள். “நேத்து நான்தான் டாக்டர்... புள்ள கசகசன்னு கீதுன்னு சொல்லிச்சு. கட்டு மேல பிளாஸ்டிக் போட்டுத்தான் ஊத்தினேன். கொஞ்சம் உள்ள பூந்துடுச்சு.”

“உன்னை யாருடி ஊத்தச் சொன்னது?” என்று நிர்மலாவின் புருஷன் வராந்தா அதிரக் கத்தினான். கஸ்தூரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், கையில் காலி டிரே.

அன்றைக்குத்தான் சிஸ்டரிடம் சொன்னேன். துண்டை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னைக்கு எடுத்தே?” என்று ஒரே கேள்வி கேட்டார். ஆபரேஷன் நடந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து நேராகப் பெரிய டாக்டர் அறைக்குப் போனார். மருந்தை மாற்றினார்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள் என்று செய்தி வந்தது.

“எதுனால வந்ததுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. தண்ணியாலயும் வந்திருக்கலாம். இது இந்த ரூமைத் தாண்டக் கூடாது,” என்றார் பெரிய டாக்டர். அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் எங்களுக்கு வசதியாக இருந்தது.

சிஸ்டர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. மறுநாள் காலையில் ஒரு புதுச் சட்டம் போட்டார். ஆட்டோகிளேவில் டிரம்மை வைப்பவர் பட்டையைத் திறந்து, “திறந்தாச்சு” என்று உரக்கச் சொல்ல வேண்டும். இன்னொருவர் கையால் தொட்டுப் பார்த்து அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். “கை மறந்துபோவும் பிள்ளே. வாய்விட்டுச் சொன்னா காதாவது ஓர்மை வச்சிருக்கும்,” என்றார். பிரியா, நீங்கள் சிரித்தீர்களே, அந்தக் கூவல் அங்கே ஆரம்பித்தது.

ரிட்டையர் ஆகி ஊருக்குப் போவதற்கு முன் சிஸ்டர் அந்தத் துண்டை ஒரு கவரில் போட்டு என்னிடமே கொடுத்தார். “தங்கச்சியக் கொன்னுட்டேன்னு அந்தப் பிள்ள நினைச்சிட்டுக் கெடக்கு. நான் போயிச் சொன்னா ஆஸ்பத்திரி சொன்னதா ஆயிரும். நீதான் போவணும்.” போகிறேன் சிஸ்டர் என்றேன். கிறிஸ்துமஸுக்கு நான் போன் செய்வேன். கேக், ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் “போனியா?” என்பார். “இல்ல சிஸ்டர்.” “சரி மக்ளே.” அவர் காலமாகும் வரை அந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சொல்வதற்குச் சந்தர்ப்பம் வராமல் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் இதை எழுதுவதே பொய்.

மூன்று நான்கு வருஷம் கழித்து, மயிலாப்பூரில் அறுபத்து மூவர் திருவிழா அன்று, வடக்கு மாட வீதியில் மோர் வாங்கக் கூட்டத்தில் நின்றிருந்தேன். “சிஸ்டர்!” என்று யாரோ தோளைத் தொட்டார்கள். கஸ்தூரி. அரை ஆளாக இளைத்திருந்தாள். அவள் இடுப்பில் நிர்மலாவின் மூக்கோடு ஒரு பெண் குழந்தை பலூனைக் கடித்துக்கொண்டிருந்தது. நிர்மலா புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டானாம், குழந்தை இவளிடம்தானாம். இவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பவர் ஹவுஸ் பக்கத்தில் மாடியில் குடியிருக்கிறோம், வாங்க சிஸ்டர் என்று வீட்டு அடையாளமெல்லாம் சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை கூட்டத்தில், விசும்ப ஆரம்பித்தாள்.

“அன்னிக்கு நான் மட்டும் தண்ணி ஊத்தாம இருந்திருந்தா, இது அம்மா மடில கெடந்திருக்கும் இல்ல சிஸ்டர்?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “விதி கஸ்தூரி. நாம இன்னா பண்ண முடியும்?” என்றேன். பாவி, அப்படித்தான் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுக் குழந்தைக்கு மோர் வாங்கிக் கொடுத்தாள். எனக்கும் ஒரு டம்ளர் வாங்கிக் கொடுத்தாள். அதையும் குடித்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம். பிரியா போன் செய்த மறுவாரம், கவரை எடுத்துக்கொண்டு கோடம்பாக்கத்துக்குப் பஸ் ஏறினேன். வீடு மாறியிருப்பாள், பார்க்க முடியாது என்று உள்ளூர ஒரு நப்பாசை. மாறவில்லை. அதே மாடி. முன்னறை முழுக்கக் கம்பியில் பளபளவென்று டான்ஸ் உடைகள் தொங்கின. கஸ்தூரி நரைத்த தலையோடு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்ததும் அடையாளம் தெரிந்து, நாற்காலியில் இருந்த துணியை அள்ளிப் போட்டு உட்காரச் சொன்னாள். காபி வேண்டாம் என்றேன். குடித்துவிட்டால் மறுபடி சொல்லாமல் வந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். பட்டை, போன், பர்ஸ், மோர், ஒன்றையும் விடவில்லை. வெளுத்த துண்டை மேசையில் வைத்தேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப தண்ணி இல்லியா?”

“இல்லவே இல்லன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது கஸ்தூரி. ஆனா தண்ணி படறதுக்கு முன்னாடியே அந்தத் துணி உள்ள போயிடுச்சு. இது கறுக்கல. நான் பார்த்தேன். பார்த்துட்டு மறைச்சேன்.”

அவள் அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன். அதற்குத் தயாராகத்தான் போனேன். அவள் தன் இரண்டு கைகளையும் விரித்து மடியில் வைத்துப் பார்த்தாள்.

“இந்தப் பொண்ண வளத்தேன். சோறூட்டினேன், தலை வாரினேன், காய்ச்சல் வந்தா தூக்கிக்கினு ஓடினேன். ஆனா ஒரு நாள், ஒரே ஒரு நாள், அது மேல நான் ஒரு சொம்புத் தண்ணி ஊத்தினதில்ல. கை வராது. பக்கத்து வூட்டு அக்காவக் கூப்டுவேன். தீபாவளிக்கு எண்ணெ வெச்சி வுடறதும் அந்தக்காதான். ‘ஏம்மா நீ ஊத்த மாட்டேன்ற, எல்லார் அம்மாவும் ஊத்தறாங்களே’ன்னு அழும். நான் அடுப்பாண்ட போய் நின்னுக்குவேன்.” அவள் குரல் அதுவரை சாதாரணமாகத்தான் இருந்தது. “அன்னிக்கு அத்தினி கூட்டத்துல உன் கையப் புடிச்சிக்கினு கேட்டேனே. அன்னிக்கு சொல்லிருந்தா, அப்ப அதுக்கு நாலு வயசு கூட ஆவல.”

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். “எழுந்து போயிடு,” என்றாள். துண்டை எடுக்கக் கை நீட்டினேன். “அது இங்கயே இருக்கட்டும்.”

படியில் இறங்கும்போது, பையை முதுகில் மாட்டிய ஒரு பெண் இரண்டிரண்டு படியாக மேலே ஏறிப் போனாள். அந்த மூக்கை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். எனக்கு வழிவிட்டு ஒதுங்கி, “மெதுவா போங்க ஆன்ட்டி, கீழ்ப்படி ஒடஞ்சிருக்கு,” என்றாள்.

“யாரும்மா அது? இன்னா வெயிலு, உஸ்... நான் குளிச்சிட்டு வந்துடறேன்,” என்று மேலே அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

“இரு. நான் வந்து தலைக்கு ஊத்தறேன்,” என்றாள் கஸ்தூரி.

“இன்னாது? இன்னாம்மா ஆச்சு ஒனக்கு? நான் இன்னா கொயந்தயா?” என்று அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். குளியலறைக் கதவு சாத்துகிற சத்தமும் தாழ்ப்பாள் விழுகிற சத்தமும் கேட்டன.

நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாழ்ப்பாள் மறுபடி திறக்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றேன். திறக்கவில்லை. உடைந்த கீழ்ப்படியைப் பார்த்துத் தாண்டி, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.